அம்பு எங்கே போச்சு?

பெரியப்பாவின் வலது கண் எப்போது கெடத் தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கையில் ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். ஒருநாள் இடது கண்ணில் தூசி விழ, அதைக் கசக்கிக்கொண்டே எதிரே இருந்த கதவைப் பார்த்திருக்கிறார். நேராக இருக்க வேண்டிய கதவு விளிம்பு நடுவில் நெளிந்திருந்தது. "மரம் ஊறி உப்பிடுச்சோன்னு எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன்டா" என்றார் பிறகு. கதவு நேராகத்தான் இருந்தது.

மருத்துவர் சொன்ன பெயர் மாக்குலர் டீஜெனரேஷன். விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்ன இடத்துக்கு மாக்குலா என்று பெயர். எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. அது கெட்டால் ஓரப் பார்வை அப்படியே இருக்கும். நடுவில் மட்டும் ஒரு மங்கல் வந்து உட்காரும். எதைப் பார்க்க நினைக்கிறோமோ சரியாக அதன்மேலேயே உட்காரும். பெரியப்பா எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடப்பார். ஆனால் எதிரே நிற்பது நானா என் தம்பியா என்பது குரல் கேட்டால்தான் தெரியும். கண்ணுக்குள் ஊசி போட்டு வலது கண் மேலும் கெடாமல் நிறுத்திவைத்தார்கள். அப்புறம் இடது கண்ணும் மெதுவாக அதே வழியில் போயிற்று.

அவர் வாழ்நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் நண்பர்கள் கட்டுரை அனுப்புவார்கள், இவர் ஒற்று விட்ட இடத்தையும் சந்தி தப்பிய இடத்தையும் குறித்து அனுப்புவார். காசுக்காக இல்லை. அது நின்றால் அவருக்கு நாள் போகாது. அதனால் கம்ப்யூட்டரை அவர் கண்ணுக்குத் தக்கபடி மாற்றித்தர வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நான்தானே கம்ப்யூட்டர்காரன், முன்னால் போய் நின்றேன்.

ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தேன் என்பதில் எனக்குப் பெருமை வேறு. 24 அங்குலத் திரையை எடுத்துவிட்டு 27 அங்குலத் திரை வைத்தேன். எழுத்து இன்னும் பெரிதாகட்டும் என்று, திரையின் புள்ளி எண்ணிக்கையான ரெசல்யூஷனைக் குறைத்தேன். திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபையரை 300 சதவீதத்தில் போட்டேன். நிறங்களைத் தலைகீழாக்கிக் கறுப்பில் வெள்ளை எழுத்து வரச் செய்தேன். "எப்படி இருக்கு பெரியப்பா?" என்றேன். "நல்லா பெருசா இருக்குடா" என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஃபோன். "தம்பி, கோவிச்சுக்காத. அம்பு எங்கே போச்சுன்னே தெரியல. பழைய மாதிரியே வச்சுக் குடுத்துடு." மவுஸோடு திரையில் நகரும் அம்பைத்தான் சொல்கிறார்.

பழைய மாதிரியில் அவருக்கு ஒரு வரிகூடப் படிக்க வராது. அப்படியும் அதையே கேட்கிறார் என்றால் நான் செய்துவைத்தது அதைவிட மோசம் என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது முறை போனபோது எதையும் தொடவில்லை. பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க பெரியப்பா" என்றேன். அரை நாள் பார்த்தேன். அந்த அரை நாள் சொல்லிக்கொடுத்ததை அதற்கு முன் நான் படித்த எந்தக் குறிப்பும் சொல்லவில்லை.

முதலில், தூரம். திரை பெரிதாகத் தெரிகிறதே என்று நான் அதை மேஜையின் பின்விளிம்புக்குத் தள்ளி வைத்திருந்தேன். பழையது அவர் மூக்கிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தது, புதியது 70ல். இரண்டு திரையிலும் இருப்பது 1920க்கு 1080 புள்ளிகள்தான். ஆக, 24லிருந்து 27க்குப் போனதில் எழுத்து எட்டில் ஒரு பங்கு பெருத்தது. தூரம் கூடியதில் அதைவிட அதிகமாகச் சிறுத்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், புதுத் திரை வைத்ததால் மட்டும் கிடைத்த லாபம் பூஜ்யத்துக்கும் கீழே. அதே பழைய திரையை 60லிருந்து 30 சென்டிமீட்டருக்கு இழுத்திருந்தால் எழுத்து கண்ணுக்கு இரண்டு மடங்காகியிருக்கும்.

கிட்டப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்ற பேச்சை விட்டுவிடலாம். இவ்வளவு பார்வை போனவருக்குக் கிட்ட வைத்துப் பார்ப்பதுதான் முதல் உதவி. ஒரே சிக்கல் மூக்குக்கண்ணாடி. வயதான கண்ணின் லென்ஸ் தானாகக் கிட்டத்துக்குக் குவியாது. கண்ணாடிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். லென்ஸின் திறனை டயாப்டரில் அளப்பார்கள்; 40 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரிய 2.5 டயாப்டர் வேண்டும், 25 சென்டிமீட்டருக்கு 4. பெரியப்பாவின் கண்ணாடியோ மேலே தூரத்துக்கு, கீழே புத்தகத்துக்கு என்று இரண்டாகப் பிரிந்தது. திரையைப் பார்க்க அவர் முகவாயைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, கண்ணாடியின் கீழ்த்துண்டு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து வலி என்று சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் தலையணைமேல் போட்டிருந்தோம்.

திரையை நகர்த்தும் தாங்கி ஒன்று மாட்டி, அவருக்கு வசதியான இடத்தில் நிறுத்தி, மூக்கிலிருந்து திரைக்கு டேப் வைத்து அளந்தேன். 35 சென்டிமீட்டர். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கண்ணாடி பரிசோதிப்பவரிடம் கொடுத்தோம். அந்தத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வந்தது. திரையின் மேல்விளிம்பையும் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கினோம். கழுத்து வலியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அடுத்தது ரெசல்யூஷன். இந்தத் தப்பை நான் மட்டும் செய்வதில்லை. "எழுத்து சின்னதா இருக்கு" என்றதும் பாதிப் பேரின் கை அங்கேதான் போகிறது. 1920க்கு 1080ஐ 1280க்கு 720 ஆக்கினால் எழுத்து ஒன்றரை மடங்காகும், உண்மை. ஆனால் திரைக்குள் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. ஒரு புள்ளியின் வேலையை ஒன்றரைப் புள்ளி செய்ய வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. அதனால் எழுத்தின் ஓரங்களில் சாம்பல் பூசி ஒப்பேற்றுகிறது. ஏற்கெனவே மங்கலாகப் பார்ப்பவருக்கு மங்கலைப் பெரிதாக்கிக் கொடுத்த புண்ணியம் எனக்கு. ரெசல்யூஷனைத் திரைக்கு உரிய அளவிலேயே விட்டுவிட்டு, திரையில் உள்ளதையெல்லாம் பெரிதாக்கும் ஸ்கேல் என்பதைத்தான் 150, 175 சதவீதம் என்று ஏற்ற வேண்டும். அப்போது எழுத்து பெரிதாகவும் இருக்கும், விளிம்பு கத்தியாகவும் இருக்கும். விண்டோஸில், குறைபாடு உள்ளவர்களுக்கான வசதிகள் இருக்கும் அக்சசிபிலிட்டி பகுதிக்குள் எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாக்கும் நழுவுபட்டை ஒன்று தனியாக இருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பொருத்தம் பார்த்தோம்.

எவ்வளவு பெரிது போதும்? "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டால் பெரியப்பா எல்லாவற்றுக்கும் தெரியுது என்பார். சங்கடம். அதனால் அவரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ரொம்பப் பெரிய எழுத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாகக் குறைத்தேன். ஓர் இடம் வரை சரளமாகப் போனது. அதற்குக் கீழே நிதானம் வந்தது. இன்னும் கீழே, 'பால்' என்பதை 'பால' என்று படித்துவிட்டு, பொருள் பொருந்தாமல் நின்று, திரும்பப் போய்த் திருத்திக்கொண்டார். புள்ளி காணாமல் போய்விட்டது. தமிழில் முதலில் தொலைவது அதுதான், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. அடுத்தது ரகரமும் துணைக்காலும் ஒன்றாகிவிடும். அதற்கடுத்துதான் ன, ண குழப்பம். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் விட்ட புள்ளியைப் பிடித்தவர்.

தட்டுத்தடுமாறிப் படிக்க முடிகிற அளவு வேறு, அலுக்காமல் படிக்கிற அளவு வேறு. பின்னது முன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அவர் திணறிய அளவைக் குறித்துக்கொண்டு அதை இரட்டித்தேன். எழுத்துருவையும் மாற்றினேன். மெல்லிய கோடுகள் கொண்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் இங்கே உதவாது. நோட்டோ சான்ஸ் தமிழில் கனத்த வகைகள் உண்டு. சற்றே தடித்த ஒன்றை எடுத்ததும் புள்ளி திரும்ப வந்தது. ரொம்பத் தடித்ததில் ணகரத்தின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்கிறது, அதுவும் கூடாது. ஆங்கிலத்துக்கு என்றால் பிரெய்ல் இன்ஸ்டிட்யூட் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காகவே வடிவமைத்து 2019ல் வெளியிட்ட அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள் இருக்கிறது; ஒன்றைப்போல் இன்னொன்று தோன்றும் எழுத்துகளை வேண்டுமென்றே வேறுபடுத்தி வரைந்திருப்பார்கள். அதில் தமிழ் இல்லை. அப்படி ஒன்றை யாராவது புள்ளிக்கென்றே உட்கார்ந்து வரைந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பத்து நாளில் அவரே ஒரு வழி கண்டுபிடித்து, கட்டுரையின் எழுத்தளவையே 36 ஆக்கித் திருத்தியிருக்கிறார். அப்படியே திருப்பி அனுப்பியும் விட்டார். வாங்கியவர் பயந்துபோய், "ஐயா, ரொம்பக் கோவமா?" என்று கேட்டாராம். பக்கத்தை ஜூம் செய்தால் கோப்பில் எதுவும் மாறாது என்று காட்டினேன். வேர்டில் வெப் லேஅவுட் என்ற பார்வையில் வைத்தால் எவ்வளவு ஜூம் செய்தாலும் வரி திரைக்குள்ளேயே மடங்கி வரும், பக்கவாட்டில் ஓட வேண்டியதில்லை. தமிழுக்கு இது ரொம்ப முக்கியம். நம் சொற்கள் நீளம். 'திருத்தியமைக்கப்பட்டிருக்கிறது' என்று ஒன்று வந்தால் பெரிய எழுத்தில் அதுவே ஒரு வரி.

சரி, அம்புக்கு வருகிறேன்.

மேக்னிஃபையர் 300 சதவீதம் என்றால் திரை முழுவதிலும் ஒன்பதில் ஒரு பங்குதான் கண்ணில் படும். 400 என்றால் பதினாறில் ஒன்று. சாவித் துவாரம் வழியாக வீட்டைப் பார்ப்பதுபோல. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மின்னஞ்சலை அனுப்ப அவர் பட்ட பாடு இது: எழுதி முடித்தார். 'அனுப்பு' பொத்தானைத் தேட மவுஸை இடப்பக்கம் நகர்த்தினார். காட்சி மொத்தமும் சரிந்து ஓடியது. வெறும் காலி இடம் வந்தது. அது மேல்பக்கமா கீழ்ப்பக்கமா? மறுபடி நகர்த்தினார். ஏதோ ஒரு பட்டியல் வந்தது. அம்பு எங்கோ மூலையில். அவர் நேராகப் பார்க்கிற இடத்தில்தான் மங்கல் இருக்கிறதே. அம்பைத் தேடிப் பார்வையைத் திருப்பத் திருப்ப, அதன்மேலேயே மங்கல் போய் விழுகிறது. முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பிடிக்கப் பார்த்தார். பிடித்தார். அதற்குள் எதற்காக அம்பைத் தேடினோம் என்பது மறந்துபோனது. "நான் எங்கடா இருக்கேன் இப்போ?" என்றார்.

எழுத்து சின்னதாக இருப்பதைத்தான் நான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். அவரை விரட்டியடித்தது தொலைந்துபோகிற உணர்வு. சின்ன எழுத்தென்றால் கண்ணைச் சுருக்கி, மூக்கை ஒட்டி எப்படியாவது படித்துவிடலாம். எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாவிட்டால் சொந்த வீட்டில் இருட்டில் மாட்டிக்கொண்டதுபோல. அதன்பிறகு செய்ததெல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

மேக்னிஃபையரை எப்போதும் ஓடவிடுவதை நிறுத்தினேன். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி அழுத்தினால் வரும். விண்டோஸ் விசையோடு எஸ்கேப் அழுத்தினால் போய்விடும். தேவைப்படுகிற நொடிக்கு மட்டும். அதிலும் முழுத்திரை, லென்ஸ், டாக்ட் என்று மூன்று விதம் உண்டு. டாக்ட் என்பதில் திரையின் மேல்பகுதியில் பெரிதாக்கிய பட்டை நிற்கும், கீழே மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அவருக்கு அது பிடித்தது. "கீழே ஊர் இருக்கு, மேலே கண்ணாடி இருக்கு" என்றார்.

அம்பைப் பெரிதாக்கினேன். அளவு 1 முதல் 15 வரை போகிறது; 6ல் நின்றோம். நிறம் பளிச்சென்ற பச்சை. வெள்ளை அம்பு வெள்ளைப் பக்கத்தில் எப்படித் தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்கே தோன்றியதில்லை. கண்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்பு இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் சுருங்கி வந்து காட்டும் வசதியையும் போட்டேன். ஓரப் பார்வைக்கு அசைவு நன்றாகத் தெரியும் என்பதால், அவர் கண்ணுக்கு அந்த வட்டம் அம்பைவிட முதலில் படுகிறது. தட்டச்சு செய்யும் இடத்தில் மினுக்கும் குச்சிக்கும் மேலும் கீழும் நிறக் குமிழ் வைக்கலாம், அதையும் வைத்தேன். தட்டச்சில் அவருக்குக் கண் வேண்டாம், விரல்களுக்குத் தெரியும். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேட்டின்மேல் ஒட்டும் புடைப்பு ஒன்று மட்டும் போதுமாக இருந்தது.

முகப்புத் திரையில் நாற்பது படக்குறிகள் இருந்தன. ஐந்தாக்கினேன். ஓரத்தில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புகளை அடைத்தேன். அந்த ஐந்து படக்குறிகளின் இடத்தை இனி யாரும் மாற்றக்கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். பேரன் ஒருநாள் அழகுக்காக வரிசை மாற்றி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நிறம் பற்றியும் நான் அவசரப்பட்டிருந்தேன். கறுப்பில் வெள்ளை அவருக்கு உண்மையிலேயே நல்லது. கண்புரையும் லேசாகத் தொடங்கியிருந்ததால் வெள்ளைப் பக்கத்தின் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறிக் கூசியது. ஆனால் நான் போட்டது எல்லா நிறத்தையும் தலைகீழாக்கும் வசதி. பேத்தியின் புகைப்படம் ஃபிலிம் நெகடிவ் போல வந்து, பெரியப்பா பயந்தே போயிருக்கிறார். கான்ட்ராஸ்ட் தீம் என்று வேறு ஒன்று இருக்கிறது. அது எழுத்தையும் பின்னணியையும் மட்டும் மாற்றும், படங்களைத் தொடாது. எல்லாருக்கும் கறுப்புப் பின்னணிதான் நல்லது என்றும் இல்லை. கருவிழியின் வளைவு சீராக இல்லாத ஆஸ்டிக்மாட்டிசம் உள்ள பலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்து ஒளிவட்டம் போட்டதுபோல் தெரியும். கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

இணையப் பக்கங்களின் நிறம் மட்டும் நம் கையில் இல்லை. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து போடுவதை யார் நாகரிகம் என்று முடிவு செய்தார்களோ தெரியவில்லை. இணையப் பக்கங்களுக்கான அக்சசிபிலிட்டி வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று 2008லிருந்தே சொல்கிறது. நாம் தினம் பார்க்கும் சாம்பல் எழுத்து பல இடங்களில் மூன்றைக்கூடத் தொடுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் எஃப் 9 அழுத்தினால் பக்கத்தின் அலங்காரமெல்லாம் உதிர்ந்து கட்டுரை மட்டும் நாம் கேட்ட அளவில், நிறத்தில் வரும். பெரியப்பா இப்போது எந்தப் பக்கம் திறந்தாலும் முதலில் எஃப் 9தான்.

இதெல்லாம் அவருக்கான சட்டை. வேறொருவருக்கு அப்படியே பொருந்தாது. என் நண்பன் ஒருவனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். பெரியப்பாவுக்கு நேர் எதிர்: ஓரம் போய்விட்டது, நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரியும். அவனுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் கெடுதல். அந்தக் குழாய்க்குள் இரண்டு எழுத்துதான் அடங்கும். அவன் எழுத்தைச் சாதாரண அளவிலேயே விட்டு, சாளரத்தைச் சுருக்கித் திரைக்கு நடுவில் வைத்துக்கொள்கிறான். நான் பெரியப்பாவுக்கு வைத்துக்கொடுத்ததைக் காட்டியபோது, "இதுல நான் மூணு நிமிஷம் தாங்க மாட்டேன்" என்றான்.

வாசித்துக் காட்டும் குரலைப் பற்றி முதலில் பேச்செடுத்தபோது பெரியப்பா முகம் மாறியது. "நான் இன்னும் அந்த அளவுக்குப் போயிடலடா." அதோடு விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து, கண் சோர்ந்துபோன ஒரு சாயங்காலம், எட்ஜ் உலாவியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒரு நீண்ட கட்டுரையை வாசிக்கவிட்டேன். அதில் இந்தியத் தமிழ்க் குரல்கள் இரண்டு. ஒன்றின் பெயர் பல்லவி, மற்றதன் பெயர் வள்ளுவர். வள்ளுவரைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டவர், "ஒற்று மிகாத இடத்துல மிகுது, நிறுத்து" என்றார். குரலில் பிழை இல்லை, கட்டுரையில் இருந்த பிழை. காதால் மெய்ப்புத் திருத்தியிருக்கிறார். இப்போது முதல் வாசிப்பு வள்ளுவருடையது, இரண்டாவது அவருடையது.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. நீ மனிதன்தானா என்று கேட்டு, கோணல்மாணலாக நாலைந்து எழுத்தைக் கோடு கிறுக்கிக் காட்டுகிற அந்தப் படம். அது படம் என்பதால் எழுத்துரு, தீம், எஃப் 9 எதற்கும் கட்டுப்படாது. பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து பெரிதாகும். பக்கத்தில் காதுக் குறி இருந்தால் அதை அழுத்தலாம்; இரைச்சலுக்கு நடுவே யாரோ கிணற்றுக்குள்ளிருந்து எண் சொல்வார்கள். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு ஃபோன் வரும். திரையை எனக்குப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி, நான் பார்த்து எழுத்துகளைச் சொல்வேன், அவர் அடிப்பார். போன வாரம் மூன்று தடவை சொன்னேன். மூன்றும் தப்பு என்று வந்தது.

"உனக்கும் கண்ணைக் காட்டணும்போல இருக்கேடா" என்றார் பெரியப்பா.